சூலகம் கருப்பையின் ஒட்டுறுப்பா?

உயிரியல் நூல்களிற் காணப்படும் ஒரு படம் மாணவர் அனைவருக்கும் பழக்கமானது. நடுவே தலைகீழான பேரிக்காய் வடிவிற் கருப்பை. அதன் இருபுறமும் விரித்த கைகளைப் போன்ற பலோப்பியன் குழாய்கள். அக்கைகளின் நுனியருகே, ஏந்தப்பட்டும் ஏந்தப்படாமலும், இரு சிறு வாதுமைக் கொட்டைகள். அவையே சூலகங்கள். சூலை உண்டாக்கும், ஓமோன்களைச் சுரக்கும் என ஈரடியில் அவற்றின் தொழிலைச் சொல்லிவிட்டு நூலாசிரியர் கருக்கட்டலுக்கு விரைந்துவிடுவார். படம் இடம்பெறுவது இனப்பெருக்கம் பற்றிய அத்தியாயத்திலேயாகும். அகஞ்சுரக்குஞ் சுரப்பிகளுக்கெனத் தனி அத்தியாயம் உண்டு; ஆயின் அங்கே சூலகத்துக்குக் கிடைப்பது அட்டவணையில் ஒரு வரிசை மாத்திரமே.

இவ்வைப்புமுறை வசதிக்காகச் செய்யப்பட்டது என்று கூறித் தப்பிவிட முடியாது. அதனுள்ளே ஒரு கொள்கை மறைந்திருக்கின்றது. சூலகம் கருப்பைக்குத் துணையானது, கருப்பை பிள்ளைப்பேற்றுக்கானது, ஆகவே பிள்ளைப்பேறு முடிந்தபின் கருப்பையோடு சூலகத்துக்கும் வேலையில்லை என்பதே அக்கொள்கை. யாரும் இதனை இவ்வளவு வெளிப்படையாக எழுதுவதில்லை. எனினும், கருப்பையில் ஒரு தசைக்கட்டிக்காக அறுவைச் சிகிச்சைக்கு உள்ளாகும் நாற்பத்தைந்து வயதுப் பெண்ணின் குறையொன்றுமில்லாத இரு சூலகங்களையும் "எப்படியும் இனித் தேவையில்லை" என்று சேர்த்து அகற்றும்போது செயற்படுவது இக்கொள்கையேயன்றி வேறில்லை. கொள்கை பிழையானது. அதற்குரிய விலையைச் செலுத்துவோர் அதனை எழுதியவர்களல்லர்.

சூலகத்தின் மீதான தவறான எண்ணங்கள் நேற்றுத் தோன்றியவையல்ல. கிறித்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டளவில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹெரோபிலஸ் அதனை ஆணின் விதைக்கு ஒப்பிட்டு விவரித்தார். அவருக்குப் பின் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் அது "பெண்களின் விதை" என்ற பெயராலேயே வழங்கிற்று. 1667இல் டென்மார்க்கு நாட்டவரான ஸ்தேனோ, சுறாவினத்தைச் சேர்ந்த மீனொன்றை வெட்டி ஆராய்ந்து, பெண்ணின் "விதை" உண்மையில் முட்டைகளைக் கொண்ட உறுப்பே எனத் துணிந்தார். 1672இல் ஒல்லாந்தரான றெக்னியர் டி கிறாவ் அதன் மேற்பரப்பிற் புடைத்து நிற்கும் நீர்க்குமிழிகளை விவரித்தார். குமிழி முழுவதுமே முட்டை என அவர் கருதினார். அக்குமிழிக்குள்ளே கிடக்கும் நுண்ணிய சூலை 1827இல் வொன் பேயர் நாயொன்றின் சூலகத்திற் கண்ட பின்னரே பாலூட்டிகளின் சூல் எதுவென்பது தெளிவாயிற்று.

தெளிவு வந்தபின் நிகழ்ந்ததுதான் வருந்தத்தக்கது. 1872ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் றொபேட் பாற்றி என்னும் அறுவை வைத்தியர் நோயற்ற சூலகங்களை அகற்றும் சிகிச்சையைத் தொடங்கினார். அதே ஆண்டில் ஜேர்மனியில் ஹேகாரும் இங்கிலாந்தில் லோசன் ரெயிற்றும் தத்தம் வழியில் இதனைச் செய்தனர். மாதவிடாய் வலி, வலிப்பு, "நரம்புத் தளர்ச்சி", சித்தப் பிரமை என இன்னதென்று வரையறுக்க முடியாத குறைகள் பலவற்றுக்கும் இது மருந்தெனப்பட்டது. பெண்ணின் உடல், உள்ளம், நடத்தை யாவற்றையும் ஆள்வது சூலகமே. ஆகவே அவளிடம் எது பிழைத்தாலும் குற்றவாளி அதுவே என்பது அக்கால வாதம். அந்நூற்றாண்டு முடிவதற்குள் இவ்வழக்கம் அவப்பெயர் பெற்று ஓய்ந்தது.

அன்று, சூலகம் அனைத்தையும் ஆள்கின்றது என்று வெட்டினார்கள். பின்னர், அது பிள்ளைப்பேறு தவிர எதனையும் ஆளவில்லை என்று வெட்டினார்கள். தத்துவங்கள் நேரெதிரானவை, கத்தி ஒன்றே. எத்தத்துவத்திலிருந்து புறப்பட்டாலும் ஒரே முடிவுக்கே வந்து சேரும் சிந்தனையில் விஞ்ஞானம் எவ்வளவு, வழக்கம் எவ்வளவு என்பது வைத்திய மாணவர்கள் கேட்க வேண்டிய வினா.

நிற்க. உறுப்பின் அமைப்பையே முதலில் நோக்குவோம்.

வளர்ந்த பெண்ணின் சூலகம் ஏறக்குறைய மூன்று சென்றிமீற்றர் நீளமும் அதிற் பாதிக்குச் சற்று மேற்பட்ட அகலமும் ஒரு சென்றிமீற்றர் தடிப்பும் உடையது. இடுப்புக்குழியின் பக்கச் சுவரிலுள்ள ஆழமற்ற பள்ளமொன்றில் அது தங்கியிருக்கின்றது. கருப்பையுடன் அதனைத் தொடுப்பது ஓர் இணையமே. பாடநூற் படம் இத்தொடுப்பைப் பெரிதாகக் காட்டிப் பிறிதொன்றை விட்டுவிடுகின்றது. சூலகத்துக்குக் குருதி கொண்டு வரும் நாடி கருப்பையிலிருந்து வருவதன்று; வயிற்றறையின் மேற்பகுதியில், சிறுநீரக நாடிகள் பிரியும் இடத்துக்குச் சற்றுக் கீழே, பெருநாடியிலிருந்து நேராகப் பிரிந்து நெடுந்தூரம் கீழிறங்கி வருகின்றது. வலச் சூலகத்தின் நாளம் கீழ்ப்பெருநாளத்தையும் இடச் சூலகத்தின் நாளம் இடச் சிறுநீரக நாளத்தையும் சென்றடைகின்றன. முளையப் பருவத்திற் சூலகம் தோன்றியது சிறுநீரகத்துக்கு அண்மையில், முதுகுப்புறச் சுவரில். பின்னரே அது இடுப்புக்குழிக்கு இறங்கியது. தான் பிறந்த ஊரின் குருதித் தொடர்பை அது அறுத்துக்கொள்ளவில்லை. கருப்பை நாடியின் கிளையொன்றும் சூலகத்தை வந்தடைகின்றது என்பது உண்மையே. கருப்பையை மட்டும் அகற்றினாலும் சில பெண்களிற் சூலகத் தொழில் முன்கூட்டியே குன்றுவதற்கு இது காரணமாகலாம். ஆயினும், ஒன்று மற்றையதன் வால் என்று கொள்வதற்கு அமைப்பிலே ஆதாரமில்லை.

பிழையான பெயரொன்று எவ்வளவு காலம் நிலைக்கும் என்பதற்கும் சூலகமே சான்று. அதன் மேற்பரப்பைப் போர்த்திருக்கும் கலப்படையை "மூலவுயிர் மேலணி" என்று நூல்கள் இன்றும் குறிக்கின்றன. சூல்கள் அப்படையிலிருந்தே பிறக்கின்றன என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலவிய நம்பிக்கையே அப்பெயருக்குக் காரணம். சூலின் மூலக் கலங்கள் சூலகத்திற் பிறப்பவையே அல்ல என்பது பின்னர் தெளிவாயிற்று. முளையத்தின் கருவூண்பைச் சுவரிலே தோன்றி, ஐந்தாம் ஆறாம் வாரங்களிற் குடிபெயர்ந்து வந்து சேர்பவை அவை. நம்பிக்கை போயிற்று, பெயர் போகவில்லை, பரீட்சையில் அதற்குப் புள்ளியும் உண்டு.

இனி, சூல்களின் எண்ணிக்கை. ஐந்து மாதப் பெண் சிசுவின் சூலகங்களிலே எழுபது இலட்சம் வரையான மூலக் கலங்கள் உள்ளன. பிறக்கும்போது இவை பத்து முதல் இருபது இலட்சமாகவும், பூப்பெய்தும் வயதில் மூன்று இலட்சம் அல்லது நான்கு இலட்சமாகவும் குறைகின்றன. வாழ்நாளில் முதிர்ந்து வெளியேறுபவை நானூறு, ஐந்நூறு மாத்திரமே. இவ்வெண்களை எழுதும் நூல்கள் அத்தோடு நிற்பதில்லை. "இழப்பு", "அழிவு", "விரயம்", "இருப்புத் தீர்தல்" என்ற சொற்களாலே அவற்றைச் சூழ்ந்துவிடுகின்றன. விதையைப் பற்றி எழுதும்போது அவற்றின் குரல் மாறுகின்றது. நாளொன்றுக்குப் பத்துக் கோடியளவில் விந்துக்கள் உண்டாகின்றன. அவற்றில் ஏறக்குறைய அனைத்தும் வீணாகின்றன. எந்நூலும் அதனை விரயம் என்று எழுதியதில்லை. வற்றாத உற்பத்தி என்றே வியக்கும். அமெரிக்க மானிடவியலாளரான எமிலி மார்ட்டின் 1991இல் வெளியிட்ட கட்டுரையொன்றிலே மருத்துவப் பாடநூல்களின் இம்மொழியைக் கூர்ந்து ஆராய்ந்து, ஆண் பெண் பற்றிய சமூகக் கற்பனைகள் கலங்களின் மேல் ஏற்றப்பட்டிருப்பதைக் காட்டினார். அதன் பின்னரும் சூலகம் களஞ்சியமாகவும் விதை தொழிற்சாலையாகவுமே கற்பிக்கப்படுகின்றன.

களஞ்சிய உவமை விஞ்ஞான முறையிலும் பிழையானது. களஞ்சியத்தில் நெல் சும்மா கிடக்கும். சூலகத்திலே முதனிலைப் புடைப்பொன்று வளரத் தொடங்கி முதிர்வதற்குப் பல மாதங்கள் செல்கின்றன. அவற்றுட் பெரும்பாலானவை இடைவழியில் அழிவது உண்மை. ஆனால் வளரும் புடைப்புக்கள் அழியுமுன் ஓமோன்களைச் சுரக்கின்றன. ஒன்றன் வளர்ச்சியை மற்றொன்று மட்டுப்படுத்துகின்றது. சுழற்சியின் போக்கே அக்கூட்டத்தின் சுரப்பினாற் செப்பஞ் செய்யப்படுகின்றது. புடைப்பின் வெளிக்கவசக் கலங்கள் அந்திரோஜனை ஆக்க, உள்ளேயுள்ள மணியுருக் கலங்கள் அதனை வாங்கி ஈஸ்ரோஜனாக மாற்றுகின்றன. சூல் வெளியேறியபின் எஞ்சிய புடைப்பு மஞ்சட் சடலமாக உருமாறிப் புரோஜெஸ்தரோனைச் சுரக்கின்றது. கருத்தரித்தால் முதல் ஏழெட்டு வாரங்கள் வரை கருவைத் தாங்குவது அம்மஞ்சட் சடலமே. பின்னரே சூல்வித்தகம் அப்பொறுப்பை ஏற்கின்றது. கருத்தரிக்காவிடின் ஏறக்குறையப் பதினான்கு நாளில் அது தானாகவே ஒடுங்குகின்றது. இத்தகையதொரு களஞ்சியத்தை எவ்வூரிலும் காணமுடியாது.

"தலைமைச் சுரப்பி" என்ற மற்றுமொரு பழஞ்சொல்லும் இங்கு விசாரணைக்குரியது. மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி கட்டளையிட, சூலகம் கீழ்ப்படிகின்றது என்பதே வகுப்பறையிற் சொல்லப்படும் கதை. புடைப்புத் தூண்டும் ஓமோனும் லூற்றினாக்கும் ஓமோனும் கபச்சுரப்பியிலிருந்து வருவது மெய்தான். ஆனால் மாதச் சுழற்சியின் நாளைக் குறிப்பது யார்? ஏர்ன்ஸ்ற் நோபில் என்பாரும் அவருடைய சகாக்களும் 1970களில் அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க்கில் நிகழ்த்திய பரிசோதனைகள் இதற்கு விடை தந்தன. றீசஸ் குரங்குகளில் மூளையின் பரிவகக்கீழ்ப் பகுதியிலிருந்து கபச்சுரப்பிக்கு வரும் தூண்டலை அழித்துவிட்டு, அதற்கு ஈடான ஓமோனை மணிக்கொரு தடவை, மாறாத அளவில், இயந்திரம் போற் செலுத்தினர். ஏற்றமுமில்லை, இறக்கமுமில்லை, நாள் பற்றிய எவ்விதத் தகவலும் அத்தூண்டலில் இல்லை. எனினும் குரங்குகளின் சுழற்சி மீண்டது. உரிய நாளிற் சூலும் வெளியேறிற்று. முதிர்ந்த புடைப்பு சுரக்கும் ஈஸ்ரோஜன் குறித்த அளவுக்கு உயர்ந்து இரண்டு நாளளவில் அவ்வாறே நிலைத்திருந்தாற் கபச்சுரப்பி லூற்றினாக்கும் ஓமோனைப் பெருக்கெடுக்க விடுகின்றது. அதாவது, "நான் ஆயத்தம்" என்று அறிவிப்பது சூலகம். அவ்வறிவிப்பைக் கேட்டுச் செயற்படுவது கபச்சுரப்பி. மணிக்கூடு இடுப்புக்குழிக்குள் இருக்கின்றது. மேலிருந்து கீழ்நோக்கி வரையப்பட்ட அம்புக்குறிகளை மட்டும் தடித்த கோட்டினாற் காட்டும் விரிவுரைப் படங்கள் இதனை மறைக்கின்றன. அலுவலகங்களின் ஒழுங்கை உடலிலும் தேடுவோர்க்கு அப்படம் மனநிறைவு அளிக்கக்கூடும்.

அடுத்து, வாதத்தின் மையப்பகுதி. ஐம்பது வயதளவில் மாதவிடாய் நின்றதும் சூலகம் இறந்துவிடுகின்றது என்பது பரவலான எண்ணம். புடைப்புக்கள் ஏறக்குறைய முடிந்துவிட்டன என்பதும் ஈஸ்ரோஜன் வெகுவாகக் குறைந்துவிட்டது என்பதும் சரியே. ஆனால் சூலகத்தின் அடிப்படை இழையம் அதன்பின்னும் அந்திரோஜன்களைச் சுரக்கின்றது. அவற்றில் ஒரு பகுதி கொழுப்பிழையத்தில் ஈஸ்ரோஜன் வகையொன்றாக மாற்றப்படுகின்றது. இரு சூலகங்களும் அகற்றப்பட்ட முதிய பெண்களின் குருதியிற் ரெஸ்தொஸ்தரோனின் அளவு குறிப்பிடத்தக்கவாறு குறைந்திருப்பதே இதற்குச் சான்று. மாதவிடாய் நிற்பதற்கு முன்னரே அகற்றப்படின் நிலைமை மேலும் பாரதூரமானது. இயற்கை பல ஆண்டுகளிற் செய்வதை அறுவை ஒரு முற்பகலில் முடித்துவிடுகின்றது. எலும்பு, நாடிச் சுவர், மூளை ஆகிய எவையும் அதற்கு ஆயத்தமாக இருப்பதில்லை. சூலகத் தொழில் ஓய்வதற்கும் எலும்பு நலிவதற்குமுள்ள தொடர்பை அமெரிக்க வைத்தியரான புல்லர் ஓல்பிறைற் 1940களின் தொடக்கத்திலேயே எடுத்துக்காட்டினார். எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் பெண்ணின் எலும்பு பற்றிய பாடத்திற் சூலகத்துக்கு ஓர் அடிக்குறிப்பே கிடைப்பது ஏன்?

அகற்றுதலை ஆதரிப்போரின் வாதம் அலட்சியப்படுத்தத்தக்கதன்று. சூலகப் புற்றுநோய் கள்ளத்தனமானது. தொடக்கத்தில் அறிகுறி காட்டாது. கண்டறியப்படும்போது பெரும்பாலும் வயிற்றறை முழுவதும் பரவியிருக்கும். வயிற்றைத் திறந்திருக்கும்போதே சூலகத்தையும் எடுத்துவிட்டால் அவ்வச்சம் ஒழியும் என்கின்றனர். இதனை எண்களாலே சோதிப்பதே நேர்மை. மேலைநாட்டுக் கணக்குப்படி பரம்பரை அபாயமற்ற பெண்ணொருத்திக்கு வாழ்நாளில் இப்புற்றுநோய் ஏற்படும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றைச் சற்றே மிஞ்சும். இதய நோயினால் இறக்கும் பெண்களின் தொகை இதனிலும் பன்மடங்கு. 1976இல் அமெரிக்கத் தாதியர் மத்தியில் ஆரம்பிக்கப்பட்ட நீண்டகால ஆய்வின் ஒரு பகுதி 2009இல் வெளியிடப்பட்டது. புற்றுநோயல்லாத காரணங்களுக்காகக் கருப்பை அகற்றப்பட்ட 29,380 பெண்கள் அதில் இருபத்துநான்கு ஆண்டுகளாகக் கவனிக்கப்பட்டனர். அவர்களுட் பாதிக்கு மேற்பட்டோரின் இரு சூலகங்களும் உடன் அகற்றப்பட்டிருந்தன. அவ்வாறு அகற்றப்பட்டோரிற் சூலகப் புற்றுநோயும் மார்புப் புற்றுநோயும் குறைந்திருந்தன. இதய நோயும், எல்லாக் காரணங்களாலுமான இறப்பும் கூடியிருந்தன. எந்த வயதுப் பிரிவிலும் சூலகத்தை அகற்றியமையால் ஆயுள் கூடியதாகக் காணப்படவில்லை. இது கவனித்துப் பதிவுசெய்யும் ஆய்வேயன்றிப் பரிசோதனையன்று. காரணகாரியத்தை ஐயந்திரிபற நிறுவாது என்பர். ஒப்புக்கொள்ளலாம். ஆனால் ஐயந்திரிபற நிறுவும் சான்று இரு தரப்புக்கும் வேண்டும். நோயற்ற உறுப்பை எடுப்பவர்மீதே நிறுவும் கடமை முதலிற் சாரும், விட்டுவைப்பவர்மீதன்று.

மாத்திரையால் ஈடுசெய்யலாம் என்பது மற்றொரு வாதம். எழுதிக்கொடுக்கப்பட்ட மாத்திரை எத்தனை ஆண்டுகள் விழுங்கப்படுகின்றது, யாருடைய பணத்தில் என்ற கேள்விகள் வைத்தியசாலை வாயிலோடு நின்றுவிடுவதில்லை. 2002இல் ஓமோன் சிகிச்சையின் தீங்குகள் பற்றிய பெரிய ஆய்வொன்று அமெரிக்காவில் வெளியானதும், அது யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்று ஆராயாமலே இலட்சக்கணக்கான பெண்கள் மாத்திரையைக் கைவிட்டனர். அச்சத்தில் அதனைக் கைவிட்டோருள் இளவயதிற் சூலகத்தை இழந்தோருக்கு எஞ்சியது வெறுமையே.

இவ்விவாதத்தில் மிக அண்மைக்காலத் திருப்பமொன்று உண்டு. சூலகப் புற்றுநோய் என வழங்கப்படுவதில் மிகக் கொடியதும் மிகப் பொதுவானதுமான வகை பெரும்பாலும் சூலகத்திலே தொடங்குவதில்லை. பலோப்பியன் குழாயின் விளிம்புநுனியிலே தொடங்கிச் சூலகத்துக்குப் பரவுகின்றது என்னும் முடிவுக்கு இந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து நடந்த ஆய்வுகள் இட்டுச் சென்றுள்ளன. கனடாவின் பிரித்தானிய கொலம்பியாவில் 2010இலிருந்து, கருப்பை அகற்றும்போது குழாய்களை மட்டும் எடுத்துச் சூலகங்களை விட்டுவைக்கும்படி வைத்தியர்கள் ஊக்குவிக்கப்பட்டனர். நூறாண்டுகளுக்கு மேலாகத் தண்டனை அனுபவித்தது பெருமளவுக்கு அயல்வீட்டுக்காரனின் குற்றத்துக்காக என்றாகின்றது!

விதிவிலக்கு உண்டு, அதனை மறைப்பது இவ்வாதத்துக்கு அழகன்று. பி.ஆர்.சி.ஏ. எனப்படும் பரம்பரையலகுகளிற் கேடு உடைய பெண்களுக்குச் சூலகப் புற்றுநோய் ஏற்படும் வாய்ப்புப் பன்மடங்கு கூடுதலானது. அவர்கள் பிள்ளைப்பேறு முடிந்தபின் சூலகங்களையும் குழாய்களையும் அகற்றுவது உயிர்காக்கும் செயலாகும். நோயுற்ற சூலகம் பற்றியும் இங்கு விவாதமில்லை. 1809இல் கென்ரக்கியில் எப்றாயிம் மக்டவல் மயக்கமருந்தின்றியே பாரிய சூலகக் கட்டியொன்றை வெட்டியெடுத்து அப்பெண்ணை முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழவைத்தார். கத்தியை யாரும் பழிக்கவில்லை. எதற்காக எடுக்கப்படுகின்றது என்று சொல்ல முடியாத கத்தியே குற்றவாளிக் கூண்டில் நிற்கின்றது.

இனி, தமிழ் பேசுவோரிடையே இவ்விடயம் எவ்வாறுள்ளது? சூலகம் என்னும் சொல் பாடநூலைத் தாண்டவில்லை. வீட்டிலும் வைத்தியசாலை வாங்கிலும் வழங்குவது "கர்ப்பப்பை" என்ற ஒரே சொல். குழாய், சூலகம், கருப்பை யாவும் அதற்குள் அடக்கம். "கர்ப்பப்பை எடுத்தாயிற்று" என்று சொல்லும் பெண் எதனை இழந்தாள், எது எஞ்சியுள்ளது என்பதை அச்சொல் அவளுக்கே சொல்வதில்லை. வைத்தியர் ஆங்கிலத்திலே கற்றதைத் தாதி அரைகுறையாக மொழிபெயர்க்க, கணவனோ மூத்த மகனோ தலையசைக்க, அவள் கையொப்பமிடுகின்றாள். முப்பத்தெட்டு வயதில் உடல் திடீரென எரிவதும் உறக்கம் கெடுவதும் ஏன் என்று பின்னர் அவள் வினவினால், "வயது போகிறதல்லவா" என்ற பதில் ஆயத்தமாக இருக்கும்.

தமிழில் இதனைச் சொல்ல இயலாது என்பார்க்கு மானிப்பாய் மறுமொழி தரும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் அங்காதிபாதத்தையும் பிரசவ வைத்தியத்தையும் 1850களிலேயே தமிழ் நூல்களாக்கினார். தமிழிலேயே வைத்தியங் கற்பிக்கவும் செய்தார். அவர் காலத்தில் ஓமோன் என்ற கருத்தே இல்லை. இன்று கருத்தும் உண்டு, கலைச்சொல்லும் உண்டு. இரண்டும் நோயாளியின் கட்டிலருகே சந்திப்பதில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலும் கற்பித்தல் ஆங்கிலத்திலேயே நிகழ்கின்றது. அதற்குரிய காரணங்கள் இங்கு ஆராயப்பட வேண்டியவையல்ல. ஆனால் விளக்கமும் ஆங்கிலத்திலேயே நின்றுவிட வேண்டுமென்று எப்பீடத்தின் ஒழுங்குவிதியும் கூறுவதில்லை. கலைச்சொல்லாக்கம் பற்றிக் கருத்தரங்கு நடத்தும் தமிழ்ச் சங்கங்களும் மருத்துவ மாணவர்களும் ஒன்றுகூடி, வலச் சூலகம், இடச் சூலகம், குழாய்கள், கருப்பை என ஒவ்வொன்றையும் பெயரிட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சம்மதம் கேட்கும் தாளொன்றைத் தமிழில் எழுதுவதற்கு ஒரு மாலைப்பொழுது போதும்.